காலையில் ஜெனரேட்டர் காட்டும் அறிகுறிகள்: எதைச் சரிசெய்து ஓட்டலாம், எதற்கு ஓட்டவே கூடாது

ஒதுக்குப்புறமான வேலைத்தளத்தில் ஜெனரேட்டர் நின்றால் எல்லாம் நின்றுவிடும். தண்ணீர் மோட்டார், வெல்டிங் மெஷின், இரவு விளக்கு, செல்போன் சார்ஜர் எல்லாமே அதை நம்பித்தான் இருக்கின்றன. மெக்கானிக் வந்து சேர ஒரு நாள் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். அதனால் காலையில் செய்யும் பத்து நிமிடச் சோதனையை வெறும் டிக் அடிக்கும் வேலையாக விட்டுவிட முடியாது. செக்லிஸ்டில் "ஆயில் சரி" என்று எழுதுவது சுலபம். ஆனால் நேற்றைவிட இன்று டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) ஆயில் கூடியிருந்தால் அதுவும் அந்த "சரி"க்குள் மறைந்துவிடும். பெரிய பழுது பலவும் முந்தின நாளே ஏதோ ஓர் அறிகுறியைக் காட்டிவிட்டுத்தான் வருகிறது. அதைப் பார்த்ததும் நாம் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுதான்: இன்றைக்கு ஓட்டலாமா, கூடாதா?

இங்கே சொல்வது தண்ணீரால் குளிரூட்டப்படும் டீசல் ஜெனரேட்டர்களுக்கு. உங்கள் மெஷினின் மேனுவல் வேறு எண்ணைச் சொன்னால் மேனுவல் சொல்வதே சரி.

தொடங்குமுன் ஒன்று. பேனல் ஆட்டோ மோடில் இருந்தால் மெஷின் தானாகவே ஸ்டார்ட் ஆகும். கவரைத் திறந்து கையை உள்ளே விடுவதற்கு முன் பேனலை ஆஃப் நிலைக்குக் கொண்டுவந்து, எமர்ஜென்சி ஸ்டாப் பட்டனை அழுத்திவிடுங்கள். பெல்ட், ஃபேன் பக்கம் கை போகிறது என்றால் பேட்டரியின் நெகட்டிவ் வயரையும் கழற்றிவிடுங்கள்.

எஞ்சினுக்கு அடியில் ஈரம்

முதலில் தரையைப் பாருங்கள். அடியிலேயே தொட்டி வைத்த மெஷின் என்றால் கசிவு வெளியே வராது, உள்ளே தேங்கி நிற்கும். டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். என்ன கசிகிறது என்பதைத் துணியில் ஒற்றி எடுத்தாலே தெரிந்துவிடும். டீசல் என்றால் வாடையே சொல்லும், விரலில் மெல்லியதாக வழுக்கும். ஆயில் கெட்டியாகக் கறுத்திருக்கும். கூலன்ட் பச்சை, சிவப்பு, நீலம் என்று ஏதாவது ஒரு நிறத்தில் பிசுபிசுக்கும், லேசான இனிப்பு வாடை அடிக்கும். வாயில் வைத்துப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. வேண்டவே வேண்டாம், எத்திலீன் கிளைக்கால் விஷம்.

டீசல் கசிந்தால் அதை அடைக்காமல் ஓட்டாதீர்கள். சூடான சைலன்சர்மேல் ஒரு மெல்லிய தாரை பட்டாலே தீப்பிடிக்கலாம். ஓடும் எஞ்சினில் பிரஷர் லைன் கசிவை விரலால் தடவித் தேடுவது அதைவிட மோசம். ஊசி மாதிரி தோலுக்குள் பாய்ந்துவிடும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பார்த்தால் போதும். யாருக்காவது பாய்ந்துவிட்டால் வலி இல்லை என்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அங்கே கூலன்ட் காய்ந்த தடம் தெரிந்தால் பம்ப் சீல் போகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இன்றைக்கு ஓட்டலாம், ஆனால் பம்பை இன்றே ஆர்டர் செய்யுங்கள்.

டிப்ஸ்டிக் சொல்வது

மெஷின் சமதளத்தில் நிற்க வேண்டும், எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். கம்பியை உருவி, துடைத்து, மறுபடி முழுக்க இறக்கி எடுத்துப் பார்க்க வேண்டும். முதல் தடவை எடுத்ததில் ஆயில் கம்பி முழுக்க அப்பியிருக்கும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

ஆயில் குறைந்திருந்தால் அதே கிரேடு ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மேல் கோட்டைத் தாண்டாமல் நிறுத்துங்கள். எத்தனை லிட்டர் ஊற்றினீர்கள் என்பதை எழுதி வைப்பது ஊற்றுவதைவிட முக்கியம். எப்போதாவது அரை லிட்டர் என்பது பரவாயில்லை. தினமும் அரை லிட்டர் என்றால் ஆயில் எங்கோ போகிறது: கசிகிறது, அல்லது எரிகிறது. எரிந்தால் சைலன்சரில் நீலப் புகையாகத் தெரியும்.

ஆயில் கறுப்பாக இருக்கிறது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. டீசல் எஞ்சினில் ஆயில் மாற்றிய கொஞ்ச நேரத்திலேயே கறுத்துவிடும், அது அதன் வேலை. கவனிக்க வேண்டியது நிறத்தை அல்ல, ஹவர் மீட்டரை. பல எஞ்சின்களில் 250 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்லியிருப்பார்கள். தூசு நிறைந்த இடமானால் அதற்கும் முன்னால்.

இப்போது ஆபத்தான விஷயம். யாரும் ஊற்றாமலேயே ஆயில் கூடியிருந்தால் "நல்லதுதானே" என்று விட்டுவிடக் கூடாது. தானாகக் கூடும் பொருள் அல்ல ஆயில், வேறு ஏதோ அதில் கலந்திருக்கிறது. முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்து, தண்ணீராக ஓடினால் இன்ஜெக்டரோ ஃபீட் பம்போ உள்ளே ஒழுக்குகிறது. அந்த நீர்த்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. இன்னொரு அபாயமும் உண்டு: அளவுக்கு மேல் நிறைந்த ஆயிலை எஞ்சினே உறிஞ்சி எரிக்க ஆரம்பித்தால், டீசலை நிறுத்தினாலும் அது நிற்காமல் வேகம் ஏறிக்கொண்டே போகலாம். ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

பால் ஊற்றிய காபி நிறத்தில் ஆயில் இருந்தால் உள்ளே போயிருப்பது கூலன்ட். ஹெட் கேஸ்கெட், ஆயில் கூலர், லைனர் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். இதுவும் ஓட்டக் கூடாத பட்டியல்தான். ஒரே விதிவிலக்கு: ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் லேசாக வெண்பசை படிந்து, டிப்ஸ்டிக் சுத்தமாக இருந்தால், அது குளிர்ந்த இரவில் படிந்த ஈரமாக இருக்கலாம். அரை மணி நேரம்கூட ஓடாமல் அடிக்கடி நிறுத்தும் மெஷின்களில் இப்படி வரும். துடைத்துவிட்டு, நல்ல லோடில் ஓட்டி, மறுநாள் மறுபடி பாருங்கள்.

கூலன்ட் குறைகிறது, வெளியே கசிவு இல்லை

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், இருந்தும் ஆள் ஆளுக்குக் கை வெந்துகொண்டுதான் இருக்கிறது. காலையில், ஆறிய எஞ்சினில் பார்ப்பதற்கான முதல் காரணமே அதுதான்.

குறைந்த கூலன்ட்டுக்கு முதலில் ஹோஸ், கிளாம்ப், ரேடியேட்டர் மூடியின் ரப்பர் இவற்றைப் பாருங்கள். ஹோஸைக் கையால் பிசைந்தால் மெத்தென்று ஊறிப்போயிருந்தாலோ, நொறுங்குகிற மாதிரி இருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். வெளியே எங்கும் தடம் இல்லை, ஆனால் தினமும் குறைகிறது என்றால் அது உள்ளே போகிறது. டிப்ஸ்டிக்கையும் புகையையும் சேர்த்துப் பாருங்கள். ரேடியேட்டருக்குள் ஆயில் படலம் மிதந்தால் சந்தேகமே வேண்டாம்.

பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட்டையே ஊற்றுங்கள். அவசரத்துக்குச் சுத்தமான தண்ணீர் சரி, ஆனால் அதையே வழக்கமாக்கினால் உள்ளே துருவும் உப்பும் படியும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடலாம்.

பெல்ட்டையும் ஏர் ஃபில்டரையும் இதே சுற்றில் பார்த்துவிடலாம். பெல்ட்டின் நீண்ட பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் இறங்கலாம். பளபளவென்று மினுங்கினால் அது வழுக்கிக்கொண்டிருக்கிறது. ஏர் ஃபில்டர் இண்டிகேட்டர் சிவப்புக்கு வந்தால் ஃபில்டரை மாற்றுங்கள். தரையில் தட்டித் தூசு உதறித் திரும்ப மாட்டுவதில் காகிதம் கிழியும், ஓரத்து சீல் வளையும். அப்புறம் தூசு நேராக எஞ்சினுக்குத்தான் போகும். ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள ஹோஸில் ஒரு விரிசல் இருந்தால் ஃபில்டர் எவ்வளவு புதிதாக இருந்தும் பயனில்லை.

சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை

பேனலில் விளக்கே எரியவில்லையா, எரிந்தும் செல்ஃப் (எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர்) அடிக்கவில்லையா? இரண்டும் வேறு வேறு. விளக்கே இல்லை என்றால் பேட்டரி ஐசொலேட்டர் சுவிட்ச், பேனல் பியூஸ், டெர்மினல் இந்த வரிசையில் பாருங்கள். விளக்கு எரிகிறது என்றால் எமர்ஜென்சி ஸ்டாப் பட்டனைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முந்தின நாள் யாரோ அழுத்தியிருப்பார்கள், அல்லது காலையில் நீங்களே அழுத்தியிருப்பீர்கள். பட்டனைத் திருகி வெளியே எடுத்தால் மட்டும் போதாது, கன்ட்ரோலரில் ரீசெட்டும் கொடுக்க வேண்டும். கண்டெய்னர் பக்கத்தில் இரண்டாவது பட்டன் ஒன்று வைத்திருந்தால் அதையும் மறக்காதீர்கள். மெக்கானிக்கை வரவழைத்த பிறகு பட்டனைத் திருகிவிட்டு அவர் திரும்பிப் போன கதை எல்லாத் தளங்களிலும் ஒன்றாவது இருக்கும்.

"டக்"கென்று ஒரு சத்தம், அல்லது இழுத்து இழுத்துச் சுற்றுகிறது

பேட்டரிதான். ஆனால் பேட்டரி கெட்டுவிட்டது என்று அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். மல்டிமீட்டரை எடுங்கள். இரவு முழுக்க ஓய்ந்திருந்த 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. இரண்டு பேட்டரி சேர்ந்த 24 வோல்ட் மெஷினில் இவற்றை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள், ஆனால் அளப்பது தனித்தனியாக. இரண்டில் ஒன்று மட்டும் செத்திருப்பது சகஜம்.

அடுத்து செல்ஃப் அடிக்கும்போது ஒருவர் மீட்டரைப் பார்க்கட்டும். நிறைந்த பேட்டரியே 9.6-க்குக் கீழே விழுந்தால் அதன் ஆயுள் முடிந்தது. விழவில்லை, ஆனாலும் ஸ்டார்ட்டர் திணறுகிறது என்றால் இடையில் எங்கோ கரண்ட் தடைபடுகிறது. அதைப் பிடிக்க நல்ல வழி ஒன்று உண்டு: மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயத் தலையிலும், மறுமுனையை அதன்மேல் மாட்டியுள்ள கிளாம்ப்பிலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டுதானே இருக்கின்றன, ஏறக்குறைய பூஜ்யம்தான் வர வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்புக்குள் பூஞ்சணம் மாதிரி வெள்ளையோ பச்சையோ படிந்திருக்கிறது. கழற்றி, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, காயவைத்து மாட்டுங்கள். பேட்டரி மூடிகள் இறுகியிருக்கட்டும், சோடா நீர் உள்ளே போகக் கூடாது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். எஞ்சின் பிளாக்கில் போய் முடியும் எர்த் வயரின் லக்கையும் இதேபோல் அளந்து பாருங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

ஒருமுறை 10 முதல் 15 நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம், நடுவில் ஒரு நிமிடமாவது விடுங்கள். ஸ்டார்ட்டர் எரிந்துபோனால் இரண்டு பிரச்சினை ஆகிவிடும்.

பேட்டரியும் வயரும் சரி, ஆனால் எஞ்சின் அசையவே இல்லை என்றால் நிறுத்திவிடுங்கள். ராத்திரி மழையில் சைலன்சரின் மூடி திறந்து கிடந்ததா என்று பாருங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால், அழுத்தி அழுத்திச் செல்ஃப் அடிப்பது கனெக்டிங் ராடை வளைத்துவிடும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

இங்கே ஒரே கேள்வி பாதி வேலையை முடித்துவிடும்: செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் புகை வருகிறதா?

வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. குளிர், மெதுவான சுற்று, சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் இவற்றில் ஒன்று. ஹீட்டர் விளக்கு அணையும்வரை பொறுத்துவிட்டு அடியுங்கள். ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் ஈதர் ஸ்பிரே அடிக்கக் கூடாது, உள்ளேயே வெடிக்கும்.

புகையே இல்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை. தொட்டியிலிருந்து தொடங்கி எஞ்சின்வரை நடந்தே போங்கள்.

தொட்டியில் டீசல் இருக்கிறதா? மீட்டர் முள்ளை நம்பாமல் குச்சி விட்டுப் பாருங்கள். உறிஞ்சும் குழாய் தொட்டியின் அடியைத் தொடாது. அதனால் குச்சியில் ஈரம் இருந்தும் எஞ்சினுக்குக் கிடைக்காமல் போகலாம். காக் திறந்திருக்கிறதா? தொட்டி மூடியைத் திறக்கும்போது "உஸ்"ஸென்று காற்று உள்ளே இழுக்கிறதா? அப்படியானால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. கொஞ்ச நேரம் ஓடி நின்று, ஆறவிட்டால் மறுபடி ஓடுகிற மெஷின்களில் இந்தத் துளையை முதலில் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டர். கீழே உள்ள திருகைத் தளர்த்தி, தெளிவான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடியுங்கள். ஒரு நிமிடம் அசையாமல் வைத்தால் தண்ணீர் அடியில் தனியாக நிற்கும், எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியும். சுத்தமான டீசல் வரும்வரை விடுங்கள். ஸ்டார்ட் ஆனாலும் ஆகாவிட்டாலும் தினமும் காலையில் இதைச் செய்ய வேண்டும். பாதி காலியான தொட்டிக்குள் இரவுக் குளிரில் ஈரம் படிந்து அடியில் சேர்ந்துகொண்டே இருக்கும். மாலையிலேயே தொட்டியை நிரப்பி வைத்தால் இது பெருமளவு குறையும். பாட்டிலில் கறுப்பாகக் கொழகொழவென்று ஏதாவது வந்தால், தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்திருக்கிறது. ஃபில்டரை மட்டும் மாற்றினால் அது மறுபடி அடைக்கும், தொட்டியையே கழுவ வேண்டும்.

டீசல் தீர்ந்து நின்ற மெஷினிலும், ஃபில்டர் மாற்றிய மெஷினிலும் ஏர் லாக் ஆகியிருக்கும், அதாவது டீசல் குழாயில் காற்று அடைத்திருக்கும். ஃபில்டர் தலையில் உள்ள பிளீட் ஸ்க்ரூவை ஒன்றிரண்டு சுற்றுத் தளர்த்தி, கீழே துணி வைத்து, கைப் பம்பை அழுத்திக்கொண்டே இருங்கள். முதலில் நுரையாக வரும், பிறகு குமிழி கலந்து வரும், கடைசியில் குமிழி இல்லாமல் ஒரே தாரையாக வரும். பம்பை அழுத்திப் பிடித்தபடியே அப்போது ஸ்க்ரூவை இறுக்குங்கள். விட்டுவிட்டு இறுக்கினால் காற்றை மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பழைய மெக்கானிக்கல் பம்ப் எஞ்சினில் இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றும் பழக்கம் உண்டு. ஒரே பொதுக் குழாயில் டீசலை மிக அதிக பிரஷரில் தேக்கி இன்ஜெக்டர்களுக்குக் கொடுக்கும் காமன் ரயில் எஞ்சினில் அந்தப் பக்கமே போகாதீர்கள். அந்தக் குழாய்களில் பிரஷர் 1000 பாருக்கும் மேலே போகும். ஃபில்டர்வரை உள்ள லோ பிரஷர் பக்கத்தோடு நம் வேலை முடிந்தது. புது ஃபில்டரில் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பி மாட்டுவதும் இந்த எஞ்சின்களுக்கு ஆகாது, வடிகட்டாத டீசல் நேராக இன்ஜெக்டருக்குப் போய்விடும். பம்பால்தான் நிரப்ப வேண்டும்.

டீசல் ஃபில்டர்வரை நன்றாக வருகிறது, இருந்தும் புகை இல்லையா? டீசலைத் திறந்து மூடும் ஸ்டாப் சொலினாய்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சாவியைப் போடச் சொல்லுங்கள். விரலுக்குள் ஒரு தட்டல் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அதன் வயர், பியூஸ். எலி கடித்த வயர் என்பது நகைச்சுவை அல்ல, கவருக்குள் கதகதப்பு இருப்பதால் அவை குடும்பத்தோடு வந்துவிடும்.

பிடித்த சில நொடிகளில் அணைந்துவிடுகிறது

கன்ட்ரோலரில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, போட்டோ எடுத்த பிறகுதான் ரீசெட். எதுவும் எழுதாமல் திணறித் திணறி நின்றால் மறுபடி டீசல் பக்கம்: காற்று, காக், ஃபில்டர். ஆயில் பிரஷர் குறைவு என்று வந்தால் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் சரியாக இருந்தால் சென்சாரின் வயர் கழன்றிருக்கலாம், சென்சாரே போயிருக்கலாம். இருக்கலாம்தான், ஆனால் மெக்கானிக்கல் கேஜ் மாட்டி அளந்து பார்க்கும்வரை அந்த அலாரம் உண்மை என்றே வைத்துக்கொள்ளுங்கள். "சென்சார்தான், வயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டு" என்று சொல்ல எப்போதும் ஓர் ஆள் இருப்பார். கிராங்க் ஷாஃப்ட்டுக்குப் பணம் கொடுக்கிறவர் அவராக இருக்க மாட்டார்.

ஓடுகிறது, ஆனால் புகை

குளிர்ந்த எஞ்சினில் முதல் ஓரிரு நிமிடம் வெள்ளைப் புகை இயல்பு. சூடான பிறகும் நிற்காமல் வந்து, இனிப்பு வாடை அடித்து, கூலன்ட்டும் குறைந்தால் அது ஹெட் கேஸ்கெட். பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஒரு கணம் கறுப்பாகக் கக்குவதும் இயல்பு. தொடர்ந்து கறுப்பு என்றால் லோடு அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு.

இன்னொன்றைப் பலர் புகையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை: சைலன்சர் மூட்டுகளில் கறுப்பாக எண்ணெய் வழிவது. ஆயில் கசிவு என்று நினைத்துத் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். மெஷினின் திறனில் 30 சதவீதத்துக்கும் குறைவான லோடில் நாள்கணக்காக ஓட்டினால், சிலிண்டர் போதிய சூடு ஏறாமல், எரியாத டீசல் கரியோடு சேர்ந்து அங்கே வந்து வழியும். "எதற்கும் பெரியதாக இருக்கட்டும்" என்று 100 கே.வி.ஏ. மெஷினைக் கொண்டுவந்து இரவு முழுக்க நான்கு விளக்குக்கு ஓட்டும் தளங்களில் இது நிச்சயம் வரும். ஒன்றிரண்டு மணி நேரம் முக்கால் அளவு லோடில் ஓட்டினால் பெரும்பாலும் எரிந்து வெளியேறிவிடும். இரவுக்குச் சின்ன மெஷின் ஒன்று வைப்பதுதான் உண்மையான தீர்வு.

சூடு ஏறுகிறது

பல எஞ்சின்கள் 80 முதல் 95 டிகிரி செல்சியஸுக்குள் ஓடும். அதைத் தாண்டி முள் ஏறினால் லோடைக் கழற்றி, சில நிமிடம் வெறுமனே ஓடவிட்டு நிறுத்துங்கள். பெல்ட் அறுந்திருந்தாலோ கூலன்ட் கொட்டிவிட்டாலோ உடனே நிறுத்த வேண்டும்.

ரேடியேட்டரை வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். காரைப் போல அல்லாமல் பெரும்பாலான ஜெனரேட்டர்களில் ஃபேன் காற்றை எஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளுகிறது, அதனால் தூசும் பஞ்சும் உள்பக்கத்தில், ஃபேன் மறைவில்தான் அப்பியிருக்கும். ஒரு பக்கம் டார்ச்சைப் பிடித்து மறுபக்கம் வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள். சுத்தம் செய்வது வெளியிலிருந்து உள்நோக்கி, குறைந்த அழுத்தத் தண்ணீரில். அதிகம் கொடுத்தால் துடுப்புகள் மடங்கிவிடும்.

காற்று இன்னும் கொஞ்சம் உள்ளே போகட்டும் என்று கவர் கதவைத் திறந்து வைத்து ஓட்டாதீர்கள். கதவு மூடியிருக்கும்போதுதான் காற்று ரேடியேட்டர் வழியாகப் போகும். திறந்தால் குறுக்கு வழியில் போய்விடும், சூடு கூடத்தான் செய்யும். வெளிவரும் சூடான காற்று சுவரிலோ தார்ப்பாயிலோ மோதித் திரும்பி வந்தாலும் அதே கதிதான்.

எஞ்சின் ஓடுகிறது, கரண்ட் இல்லை

மெயின் பிரேக்கர் ஆனில் இருக்கிறதா? பேனல் மீட்டர் சரியான வோல்டேஜைக் காட்டினால் கோளாறு பிரேக்கருக்கு அப்பால். மீட்டரே காட்டவில்லை என்றால் வோல்டேஜைச் சீராக வைக்கும் ஏ.வி.ஆர்., அதன் பியூஸ், டையோடு, அல்லது மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்ததால் மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரில் எஞ்சியிருக்கும் காந்தம் போய்விட்டது. பேட்டரி கொடுத்துக் காந்தமேற்றும் வழி உண்டு. அதைத் தெரிந்த எலக்ட்ரீஷியன் செய்யட்டும், பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்தால் ஏ.வி.ஆர். போய்விடும்.

வோல்டேஜ் வருகிறது, லோடு போட்டதும் விளக்கு மங்குகிறது என்றால் ஹெர்ட்ஸைப் பாருங்கள். நான்கு துருவ ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 1500 சுற்றில் 50 ஹெர்ட்ஸ் தரும், 1800 சுற்றில் 60. எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கானிக்கல் கவர்னர் உள்ள மெஷின் லோடு இல்லாதபோது 52 வரை காட்டி, முழு லோடில் 50-க்கு இறங்குவது சரியான நடத்தை. 48-க்குப் போய்த் திணறினால் எஞ்சினுக்கு டீசலோ காற்றோ போதவில்லை, இரண்டு ஃபில்டரையும் பாருங்கள். ஏறி ஏறி இறங்கினால் டீசலில் காற்று, அல்லது கவர்னர் இணைப்பில் ஆட்டம். ஹெர்ட்ஸ் சரியாக இருந்து மோட்டார் ஸ்டார்ட் ஆகும் கணத்தில் மட்டும் மங்கினால் மெஷினில் கோளாறு இல்லை. மோட்டார் அந்தக் கணத்தில் ஐந்து முதல் ஏழு மடங்கு கரண்ட் இழுக்கும், ஒவ்வொன்றாக ஸ்டார்ட் செய்யுங்கள்.

கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் விழுந்துகொண்டே இருந்தால் எல்லா பிளக்கையும் உருவிவிட்டு ஒவ்வொன்றாகப் போடுங்கள், விழவைக்கும் கருவி தானாகவே மாட்டிக்கொள்ளும். பெரும்பாலும் ஈரத்தில் கிடந்த ஜாயின்ட்தான். எர்த் வயரைக் கழற்றி அதை "சரி" செய்கிற வித்தைக்கு யாரையும் அனுமதிக்காதீர்கள்.

யாருக்காவது தலைவலி, மயக்கம்

இது மெஷினின் அறிகுறி அல்ல, ஆனால் மெஷினால் வருவது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. காற்று திசை மாறி, சைலன்சர் புகை தூங்கும் கண்டெய்னருக்குள் போகிறதா என்று காலையிலும் மாலையிலும் பாருங்கள். கதவு ஜன்னலிலிருந்து குறைந்தது 6 மீட்டராவது தள்ளி, புகை எதிர்ப்பக்கம் பார்க்கும்படி வையுங்கள். இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலை சுற்றினால் மாத்திரை தேடாமல் எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள், மெஷினை நிறுத்துங்கள், மருத்துவ உதவிக்கு ஆள் அனுப்புங்கள்.

எல்லாம் சரி, டீசல் மட்டும் சீக்கிரம் தீர்கிறது

நல்ல லோடில் ஓடும் டீசல் ஜெனரேட்டர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 0.25 முதல் 0.3 லிட்டர் எடுக்கும். 40 கிலோவாட் லோடுக்கு மணிக்கு 10 முதல் 12 லிட்டர். லாக் புக்கில் ஹவர் மீட்டர், யூனிட், ஊற்றிய லிட்டர் மூன்றையும் எழுதி வந்தால் கணக்கு தானாகத் தெரியும். லோடு மாறாமல் டீசல் மட்டும் கூடினால் கசிவு, அடைத்த ஏர் ஃபில்டர், தேய்ந்த இன்ஜெக்டர் என்று பாருங்கள். இவை எல்லாம் சரி என்றால் டீசலுக்குக் கால் முளைத்திருக்கிறது, தொட்டி மூடிக்குப் பூட்டு வாங்குங்கள்.

மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டி வந்தால்

சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறுவதற்கு முன் இவற்றைக் கையில் வைத்திருங்கள்: எஞ்சின் தகட்டில் உள்ள மாடல் எண்ணும் சீரியல் எண்ணும், ஆல்டர்னேட்டர் தகடு தனி என்பதால் அதுவும், ஹவர் மீட்டர் அளவு, கன்ட்ரோலர் காட்டிய செய்தி, பேட்டரி வோல்ட், புகையின் நிறம், கடைசியாக யார் எதைக் கழற்றினார்கள் என்பது. "ஸ்டார்ட் ஆகலை சார்" என்று மட்டும் சொன்னால் அவர் ஸ்பேனர் பையோடு மட்டும் வருவார். "செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, புகை இல்லை, ஃபில்டர்வரை டீசல் வருகிறது, சொலினாய்டு தட்டவில்லை" என்று சொன்னால் புது சொலினாய்டையும் எடுத்துக்கொண்டு வருவார்.